மாட்டிலையான் எல்லாம் ஒன்றுதானா?

வாகரையான் கேட்டது, 2023 மார்ச் 4, மாலை

எங்கட பட்டியில் மாடு ஒரு இடத்தில் நின்று மேய விடுதில்லை, அவ்வளவு இலையான் (ஈ). அடித்து விழுத்தினதை சிமெந்துக் கட்டில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். தேடிப் பார்த்தால் தபானஸ் ஸ்ட்ரியேட்டஸ் என்று வருகிறது. இலங்கையில் மாட்டிலையான் ரெண்டு மூன்று வகைதான், மற்றதெல்லாம் ஆபிரிக்காவில் என்று ஒரு சேர் சொன்னவர். பெயர் சரியா?

மார்ச் 4, இரவு, என் பதில்

இடது பக்கம் கிடக்கிற சின்னது மாட்டிலையானே இல்லை. அது ஸ்டோமொக்சிஸ். அளவு வீட்டிலையான்தான், ஆனால் தலைக்குக் கீழே இருந்து கறுப்பு ஊசி ஒன்று முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிக்கும். சாணமும் வைக்கோலும் ஊறி அழுகும் இடத்தில் பெருகும். பட்டியைத் துப்புரவாக வைத்தால் அது குறையும். மாட்டிலையான் அதனால் குறையாது, அது பிறக்கிற இடம் வேறு.

வலது பக்கம் கிடக்கிற பெரியதுதான் மாட்டிலையான். பெயர் பிறகு. "ரெண்டு மூன்று வகை" என்ற கதையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

மார்ச் 5

பெயருக்கு அவசரப்படுகிற எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். முதலில் குடும்பம் சரியா என்று பாருங்கள். அதற்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று போதும்.

உணர்கொம்பைப் பாருங்கள். வீட்டிலையானுக்கும் ஸ்டோமொக்சிஸுக்கும் கொம்பு குட்டை, அதில் இருந்து ஒரு மயிர் தனியாக நிற்கும். மாட்டிலையானுக்கு அந்த மயிர் கிடையாது. கொம்பு முன்னுக்கு நீண்டு, நுனிப்பகுதி வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும். அப்புறம் சிறகு நுனி. ஒரு நரம்பு கவையாகப் பிரிந்து ஒரு கிளை நுனிக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் போய் முடியும். சிறகின் நுனி சரியாக அந்தக் கவைக்குள் அகப்பட்டிருக்கும். அடுத்தது பாதம். நகத்துக்கு அடியில் மூன்று மெத்தை, வீட்டிலையானுக்கு இரண்டுதான். இவ்வளவும் இருந்து, சிறகின் அடியில் பெரிய செதிலும் இருந்தால் தபானிடே குடும்பம் என்று துணிந்து சொல்லலாம்.

கொக்கட்டிச்சோலையில் இருந்து ஒருவர் தனியாக ஒரு படம் அனுப்பி, "இதுவும் அதுதானே" என்கிறார். இல்லை. தட்டையாக, தோல் மாதிரி இறுகி, மாட்டின் வாலடியில் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடுகிற அந்தச் சாமான் ஹிப்போபோஸ்கா. நசுக்கினாலும் லேசில் சாகாது. முட்டையும் போடாது, வயிற்றுக்குள்ளேயே புழுவை வளர்த்து முற்றிய பிறகு ஒவ்வொன்றாகப் போடும். மாட்டோடேயே ஒட்டிக் கிடப்பது அதன் பழக்கம். மாட்டிலையான் வந்து கடித்துவிட்டுப் போய்விடும்.

மார்ச் 9

எண்ணிக்கை கேட்டிருந்தீர்கள். உலகம் முழுக்கப் பெயர் வைக்கப்பட்டவை 4,400க்கு மேல். அதில் தபானஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் மட்டும் 1,300க்கு மேல் அடைத்து வைத்திருக்கிறார்கள். கூட்டம் அதிகம் வெப்பமண்டலத்தில்தான். ஆனால் "வெப்பமண்டலம்" என்று ஒரே மூச்சில் சொன்னால் விஷயம் கெட்டுப்போகும். ஆபிரிக்கா, நம் பக்கம், தென்னமெரிக்கா மூன்றிலும் ஆட்கள் வேறு வேறு. ஹீமட்டோபோட்டா ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. தென்னமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒன்றுகூடக் கிடையாது. தென்னமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அங்கே டயாகுளோரினி என்ற கூட்டம் வெடித்துப் பெருகியிருக்கிறது, நம் பட்டியில் அதைத் தேடிப் பிரயோசனம் இல்லை. சியோனினி என்ற இன்னொரு கூட்டம் தென்னமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று தெற்கே சிதறிக் கிடக்கிறது. அந்தக் கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த கதைக்கு இந்த இலையான்களையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

குடும்பத்துக்குள் பெரிய பிரிவு மூன்று: பாங்கோனினே, கிரைசாப்சினே, தபானினே. இதை ஓரளவு நிலைநிறுத்தியவர் அவுஸ்திரேலியரான மக்கெராஸ், 1954, 55 ஆம் ஆண்டுகளில். அவருக்கு முன்னால் ஜெர்மனியின் எண்டர்லைன் கண்ணில் மயிர் இருக்கிறதா, நரம்பில் ஒரு துண்டு முளைத்திருக்கிறதா என்பதை வைத்தெல்லாம் பேரினங்களை உடைத்துக்கொண்டே போனார். அவர் உடைத்ததை ஒட்டவைப்பதில் பின்னால் வந்த பலரின் வாழ்நாள் போயிற்று. மக்கெராஸ் பிறப்புறுப்பின் அமைப்பைப் பிடித்தார். வெளியில் எளிதில் மாறுகிற அடையாளங்களை விட அது நம்பிக்கையானது.

நமக்குப் பிறப்புறுப்பை வெட்டிப் பார்க்கிற வசதி இல்லை. ஆகவே பின்னங்கால்.

மார்ச் 9, கொஞ்சம் பிந்தி

பின்னங்கால் என்று சொல்லி நிறுத்திவிட்டேன், மின்சாரம் போய்விட்டது.

பின்னங்காலின் கணைப்பகுதி முடிகிற இடத்தில், பாதம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சோடி முள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாங்கோனினே அல்லது கிரைசாப்சினே. இல்லாவிட்டால் தபானினே. நடுக்காலில் எல்லாவற்றுக்கும் முள் உண்டு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வாகரையான், உங்கள் பெரிய இலையானின் பின்னங்கால் அடி வாங்கியதில் மடங்கிப் போய்விட்டது. இனி அடிப்பதானால் கொஞ்சம் மரியாதையாக அடியுங்கள்.

மார்ச் 10

வரிக்குதிரையின் வரி மாட்டிலையானைத் தடுக்குமா என்ற கேள்விக்கு: ஓம், அது பகிடி இல்லை. 2012 இல் ஹங்கேரியக் குழு ஒன்று வரி போட்ட பரப்பில் மாட்டிலையான் குறைவாக வந்து இறங்குவதைக் காட்டியது. 2019 இல் வெறும் குதிரைகளுக்கு வரிக்குதிரைப் போர்வை போட்டுப் பார்த்தார்கள். இலையான் கிட்ட வருகிறது, ஆனால் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் முட்டிக்கொண்டு போகிறது. அதே வருடம் யப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளை வரி அடித்துப் பார்த்தபோது கடிக்கிற இலையான் பாதியளவுக்குக் குறைந்தது.

மாமாவிடம் சொன்னேன். கரடியனாற்றுப் பக்கம் பட்டி வைத்திருக்கிறவர். "மனே, மாட்டுக்குப் பெயின்ட் அடிச்சா குறி தெரியாமப் போயிரும், பிறகு யார் மாடெண்டு பொலிசில போய் நிக்கிறதா?" என்றார். குறிசுட்ட மாட்டுக்கே தகராறு நடக்கிற ஊரில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மார்ச் 21

மழை விட்டு வில்லுகளில் (ஆழமில்லாத குளங்களில்) தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு படங்கள் குவிகின்றன. நல்லது. பின்னங்கால் முள்ளையே பிடித்துக்கொண்டு தொங்காமல், நம் பக்கத்துப் பேரினங்களை ஆளைப் பார்த்தே எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன்.

சிறகில் குறுக்கே கரும்பட்டி, இருக்கும்போது சிறகை இரு பக்கமும் விரித்து வைத்திருக்கும், கொம்பு நீளமாக மெல்லிசாக இருக்கும், கண்ணில் பச்சையும் பொன்னுமாகப் புள்ளி: கிரைசாப்ஸ். மாட்டிலையானில் சின்னது. மனிதனின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்து பிடரியில், காதுக்குப் பின்னால் கடிக்கிறது பெரும்பாலும் இதுதான். தெற்காசியாவில் பரவலாகக் கிடைக்கிறது கிரைசாப்ஸ் டிஸ்பார்.

சிறகு முழுக்கச் சாம்பலில் வெள்ளை வெள்ளையாக வளையமும் கீறலும், சிறகை முதுகின் மேல் சரித்து மடித்து வைத்திருக்கும், கண்ணில் வளைந்து வளைந்து போகிற பட்டி: ஹீமட்டோபோட்டா. இது சத்தமே போடாது. தபானஸ் வந்தால் காதில் இரைச்சல் கேட்கும், கை ஓங்க நேரம் இருக்கும். இது வந்து இருந்ததே கடித்த பிறகுதான் தெரியும். உறுகாமப் பக்கம் காட்டோரத்தில் சாரத்துக்கு மேலாலேயே கடி வாங்கியிருக்கிறேன்.

சிறகு பெரும்பாலும் தெளிவு, உடம்பு தடிப்பு, கொம்பின் மூன்றாம் கணுவில் மேல்பக்கம் ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும்: தபானஸ். மாட்டின் காலிலும் வயிற்றிலும் இரத்தம் வழிய விடுகிற பேர்வழி. அதே ஆகிருதியில் உடம்பு மஞ்சள் பூத்து, கண்ணில் மெல்லிய மயிர் இருந்தால் அற்றிலோட்டஸா என்று யோசியுங்கள்.

வாயை நீளமாக முன்னுக்கு நீட்டிக்கொண்டிருப்பது ஃபிலோலிக்கே, பாங்கோனினே பக்கத்து ஆள். நம் நாட்டில் உண்டு. 1981 இல் பர்கர் என்ற அமெரிக்கர் இலங்கையின் மாட்டிலையான் குடும்பத்தைப் பற்றியே தனியாக ஒரு திருத்தாய்வு எழுதினார். அந்த நீள மூக்கு தேன் குடிக்க. தோலை வெட்டும் அலகு வேறு, குட்டையானது.

ஆக "ரெண்டு மூன்று வகை" என்ற சேர் பேரினத்தைச் சொல்லியிருந்தாலும் கணக்கு உதைக்கிறது.

மார்ச் 24

ஆண் எப்படித் தெரியும் என்ற கேள்வி. கண் இரண்டும் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆண். நடுவில் இடைவெளி இருந்தால் பெண். ஆண் கடிக்காது, பூவில் தேன் குடிக்கும். அதனால் நீங்கள் அடித்து அனுப்புகிற எல்லாம் பெண். நூதனசாலைப் பெட்டிகளிலும் இதே கதை, ஆண் அகப்படுவது அருமை. பல இனங்களுக்குப் பெண்ணை மட்டும் வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

சரி, இப்போது வாகரையானின் பெரிய இலையானுக்கு வருவோம். புது மாதிரி வந்து சேர்ந்தது, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறார். பின்னங்காலில் முள் இல்லை. கொம்பில் பல் இருக்கிறது. வயிற்றின் மேல் மூன்று வெளிர் பட்டை நீளவாக்கில் ஓடுகிறது. தபானஸ், சந்தேகமில்லை. ஸ்ட்ரியேட்டஸா?

இந்த இடத்தில் நான் பின்வாங்குகிறேன். ஸ்ட்ரியேட்டஸ் என்ற பெயரை ஃபப்ரீசியஸ் 1787 இல் வைத்தார். இனத்துக்கு ஒரு வரி, ஒன்றரை வரி எழுதிவிட்டுப் போகிற காலம் அது. அதற்குப் பிறகு இந்தியாவில் இருந்து பிலிப்பைன்ஸ் வரைக்கும் வயிற்றில் மூன்று பட்டை தெரிந்தால் எல்லாம் ஸ்ட்ரியேட்டஸ் ஆனது. 1911 இல் லண்டனில் இருந்துகொண்டு கெர்ட்ரூட் ரிக்கார்டோ என்ற பெண்மணி கீழைத்தேயத் தபானஸ் முழுவதையும் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினார். இந்தப் பக்கத்துப் பெயர்களில் எத்தனையோ அவர் வைத்தவை. அப்படியும் இந்தப் பட்டைக்காரர் கூட்டம் அடங்கவில்லை. 1913 இல் பிலிப்பைன்ஸில் மிட்ஸ்மெய்ன், கால்நடைகளுக்கு வரும் சர்ரா நோய் பரவுவது பற்றிச் செய்த நல்ல ஆய்வுகூட ஸ்ட்ரியேட்டஸ் என்ற தலைப்பில்தான் வந்தது. பழைய ஏடுகளில் அந்தப் பெயரில் கிடக்கிறதெல்லாம் ஒரே இனம் இல்லை. ரூபிடஸ், மெகலாப்ஸ், பார்ட்டிட்டஸ் என்று பக்கத்துப் பக்கத்து ஆட்கள் ஒரே பெயருக்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய மிருகவைத்தியக் கட்டுரையில் ஸ்ட்ரியேட்டஸ் என்று கண்டால், "அந்த மாதிரி ஒன்று" என்று வாசிப்பதுதான் புத்தி.

பிரிப்பது எதை வைத்து என்றால் பெண்ணின் நெற்றியை வைத்து. இரண்டு கண்ணுக்கும் இடையில் ஓடுகிற அந்த ஒடுக்கமான கீற்று எவ்வளவு அகலம், மேலே விரிகிறதா ஒடுங்குகிறதா, அதில் தூள் படியாத பளபளப்பான மேடு ஒன்று இருக்கும், அது கண்ணைத் தொடுகிறதா, மேல்நோக்கி வால் விடுகிறதா. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடத்தில் முழு வழக்கும் நடக்கிறது. வாகரையான் அனுப்பியதன் நெற்றி, அடித்த அடியில் தேய்ந்துவிட்டது. ஆகவே என் குறிப்பேட்டில் "தபானஸ், பட்டைக்கூட்டம்" என்று எழுதி நிறுத்தினேன். போன் செயலி ஒரு படத்தைப் பார்த்து இனப்பெயர் சொன்னால், அது இந்த நெற்றியைப் பார்க்காமல் சொல்கிறது என்று நினைவில் வையுங்கள்.

ஏப்ரல் 3

"பேரினத்தோடு நிறுத்தினால் அது என்ன அடையாளம்?" என்று சம்மாந்துறைச் சகோதரி கேட்கிறார். நல்ல அடையாளம், தங்கச்சி. தவறான இனப்பெயர் ஒன்று ஏட்டில் ஏறினால் அதை இறக்க நூறு வருடம் ஆகும். மேலே கண்டீர்கள்தானே.

ஏப்ரல் 17

புத்தாண்டுக்கு எல்லோரும் ஊர் போய் வந்திருப்பீர்கள். மாமா வீட்டில் பலகாரத்தோடு இலையான் கதையும் ஓடியது.

கண் நிறம் பற்றிக் கேட்டவர்களுக்கு: செத்ததும் பட்டியும் பச்சையும் மங்கிக் கறுத்துப் போகும். அதனால் உயிரோடு இருக்கும்போதே தலையை முன்னால் இருந்து ஒரு படம் எடுங்கள். போத்தலுக்குள் போட்டு குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் அசையாமல் இருக்கும், வெளியே எடுத்தால் எழும்பிவிடும், அதற்குள் எடுக்க வேண்டும். காய்ந்த மாதிரியாக இருந்தால் மூடிய பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைத்து ஒரு இரவு விடுங்கள், பட்டி திரும்பத் தெரிய வரும். அதை முதல் முறை பார்த்தபோது நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். யாருக்கும் அவ்வளவு சந்தோசம் இல்லை.

மதுசாரத்தில் போடாதீர்கள். நெற்றியிலும் வயிற்றிலும் படிந்திருக்கிற தூள்தான் அடையாளம், அது கழுவிப்போனால் பூச்சி மொட்டை. ஊசி குத்திக் காயவைப்பதே நல்லது, நெஞ்சில் நடுவை விட்டுச் சற்று வலது பக்கமாக. நம் ஊரில் பெரிய எதிரி எறும்பும் பூஞ்சணமும்தான். பெட்டியின் நாலு காலையும் மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டைக்குள் வையுங்கள். மாரிக்கு முந்தி ஒரு முறை நல்ல வெயில் காட்டுங்கள்.

ஏப்ரல் 17, மேலதிகம்

ஊசிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம், அதில் இடமும் திகதியும். அது இல்லாத பூச்சி வெறும் குப்பை. "மட்டக்களப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையா, மேற்கே படுவான்கரையா, குளமா காடா, மாட்டில் பிடித்ததா ஆளில் பிடித்ததா என்று எழுதுங்கள்.

மே 7

புகை. எல்லோரும் கேட்டுவிட்டீர்கள். பொழுது பட பட்டியில் வேப்பிலையும் சாணமும் போட்டு மூட்டம் வைக்கிறோம், ஆனால் மாட்டிலையான் குறையவில்லை என்கிறீர்கள். ஏனென்றால் அது பகல்காரன். வெயில் ஏற ஏறத்தான் வேலைக்கு வரும். மாலைப் புகை நுளம்புக்கு உதவும், இவனுக்கு அல்ல. பகலில் மாடு எருமைக்கிடங்கில் போய்ப் புரண்டு சேறு பூசிக்கொள்கிறதே, அதுதான் உருப்படியான மருந்து.

இன்னொன்று, தண்ணீர் பளபளப்பு. இந்தக் குடும்பத்துக்குக் கிடையாக முனைவாக்கப்பட்ட ஒளி பிடிக்கும், தண்ணீர்ப் பரப்பில் இருந்து தெறிப்பது அந்த ஒளிதான். கறுப்பாக மினுங்குகிற எதுவும் அதே ஒளியைத் தரும். நவகிரிக் குளக்கட்டில் கறுப்பு வான் ஒன்றைக் கழுவி நிறுத்திவிட்டுச் சாப்பிட்டோம். பொனட்டில் வந்து மோதி மோதி விழுந்தவற்றைப் பொறுக்கியே ஒரு பெட்டி நிரப்பினேன். பக்கத்தில் நின்ற வெள்ளை வானில் ஒன்றும் இல்லை. வெள்ளைக் குதிரையை இலையான் குறைவாகக் கடிக்கிறது என்று அதே ஹங்கேரியக் குழு சொன்னதற்கும் இதுதான் காரணம். பிடிக்க விரும்புகிறவர்கள் கறுப்பு உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டு மேலே வலைக்கூடாரம் கட்டலாம். வெயிலில் சூடேறி ஆடிக்கொண்டிருந்தால் மாடு என்று நினைத்து வரும். நீலமும் கறுப்புமான துணியில் தைக்கிற நிசி (Nzi) என்ற பொறி இன்னும் நல்லது, ஆபிரிக்காவில் செட்சி இலையானுக்குப் பயன்படுகிறது, மாட்டிலையானும் விழும்.

மே 8

நேற்று "பகல்காரன்" என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். பொழுது சாய்ந்து இருட்டுவதற்குள் மட்டும் பறக்கிற இனங்களும் வெப்பமண்டலத்தில் உண்டு. மண்ணிறமாக மங்கிய ஆட்கள். லாகுகலப் பக்கம் இருந்து ஒருவர் அப்படி ஒன்றைச் சொன்னார், விளக்கடியில் வந்து விழுந்ததாம். அதற்காக மாலைப் புகையை நியாயப்படுத்த நான் வரவில்லை.

மே 20

பிறக்கிற இடம் வேறு என்று முதல் நாளே சொன்னேன், விளக்கவில்லை.

வாய்க்கால் ஓரத்துப் பன்னிலோ புல்லிலோ, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற இலையின் அடியில் பாருங்கள். கறுப்பாக, மினுங்கலாக, அடுக்கடுக்காக ஒட்டி வைத்த முட்டைக் குவியல். ஒரு குவியலில் சில நூறு. முட்டை போட்ட உடனே வெள்ளை, பிறகு கறுக்கும். பொரித்த புழு நேரே தண்ணீரிலோ சேற்றிலோ விழுந்து புதைந்துவிடும்.

ஒரு குவியலை இலையோடு வெட்டி ஜாம் போத்தலில் போட்டு மேசையில் வைத்தேன். சில நாளில் போத்தலுக்குள் தூசி பறக்கிறது என்று நினைத்தேன். வில்லையில் பார்த்தால் குளவி. டெலனோமஸ் வகை, ஒரு மில்லிமீற்றர் வராது. மாட்டிலையானின் முட்டைக்குள் முட்டையிட்டு, உள்ளே இருந்ததைத் தின்று, மூடியில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்திருக்கிறது. ஓட்டைகளின் ஓரம் கத்தரித்து எடுத்த மாதிரி அவ்வளவு சுத்தம். இலையான் ஒன்றுகூட வரவில்லை. வாய்க்கால் ஓரப் புல்லை எல்லாம் மருந்தடித்து எரிக்கிறவர்கள் யாரைக் கொல்கிறோம் என்று ஒரு முறை யோசிக்கலாம்.

புழு வளர்ப்பது பொறுமை கேட்கிற வேலை. இரு முனையும் கூர்ந்து, ஒவ்வொரு வளையத்திலும் குட்டிக்கால் மாதிரி மேடு, வால் பக்கம் மூச்சுக்குழாய். தபானஸ் புழு மண்புழுவையும் மற்றப் பூச்சிப்புழுவையும் தின்னும், அதுவும் இல்லாவிட்டால் கூடப் பிறந்ததைத் தின்னும். ஆகவே ஒரு போத்தலுக்கு ஒன்று. கிரைசாப்ஸ் புழு அவ்வளவு சண்டைக்காரன் இல்லை, அழுகல் தின்று பிழைக்கும் என்கிறார்கள். சேறு பிசைகிறபோது காலில் சுருக்கென்று ஏதோ கடித்தது, அட்டை இல்லை, முள்ளும் இல்லை என்று வயல்காரர் சொல்வதுண்டு. யப்பானில் நெல்வயல் வேலையாட்களைத் தபானஸ் புழு கடிப்பது பதிவாகியிருக்கிறது. நம் வயலில் கடித்தது அதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அடுத்த முறை கடித்தால் கால் கழுவ ஓடாமல் அந்த இடத்துச் சேற்றை ஒரு வாளியில் அள்ளி வையுங்கள்.

மே 29

கண்ணகி அம்மன் சடங்கு நேரம், ஊரெல்லாம் பறை. ஒரு பக்கம் காவல் இருந்துகொண்டே இதை எழுதுகிறேன், சின்னதாக.

நோய். 1880 இல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் கிரிபித் எவன்ஸ் என்ற மிருகவைத்தியர் சர்ரா பிடித்த குதிரை, ஒட்டக இரத்தத்தில் டிரிப்பனோசோமா எவன்சி என்ற ஒட்டுண்ணியைக் கண்டார். மாட்டிலையான் அதைத் தன் உடம்புக்குள் வளர்ப்பதில்லை. ஒரு மாட்டில் பாதி குடிக்கும்போது மாடு வாலால் அடிக்கும், அது பறந்து பக்கத்து மாட்டில் மீதியைக் குடிக்கும். வாயில் ஒட்டிய ஈர இரத்தம் அப்படியே மாறிவிடும். கடி நோகிறதும் மாடு உதறுகிறதும்தான் பரப்பலுக்கே வழி. நோகாமல் கடித்திருந்தால் ஒரே மாட்டில் குடித்துவிட்டுப் போயிருக்கும். மேற்கு ஆபிரிக்காவின் கிரைசாப்ஸ் கதை வேறு, லோவா லோவா புழு அதன் உடம்புக்குள் உண்மையாகவே வளர்ந்து மனிதனுக்கு வருகிறது. 1913 இல் லைப்பர் அதைக் காட்டினார். நம் ஊர் கிரைசாப்ஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்தப் புழு இங்கே இல்லை.

மாடு மெலிந்து காய்ச்சலாகக் கிடந்தால் இங்கே படம் போடாமல் மிருகவைத்தியரைக் கூப்பிடுங்கள்.

ஜூன் 3

பாடகி பியோன்சேயின் பெயரில் ஒரு மாட்டிலையான் இருப்பது உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1981 இல் பிடிபட்டது, அவர் பிறந்த வருடம். வயிற்றில் பொன்மயிர் பளபளக்கும். முப்பது வருடம் பெட்டியில் பெயரில்லாமல் கிடந்ததை லெசார்ட் என்ற இளைஞர் எடுத்துப் பெயர் வைத்தார். நம்மிடம் அனுப்பப்பட்ட தீப்பெட்டிகளுக்கும் அந்தப் பொறுமை தேவை.

ஜூன் 25

கதிர்காமப் பாதயாத்திரை போகிற ஆட்கள் உகந்தையில் இருந்து குமணக் காட்டுக்குள் இறங்குகிற நாட்கள். கடந்த வருடம் நடந்த கல்முனைத் தம்பி ஒருவர் இரண்டு படம் போட்டு, "இதுதான் வழி முழுக்கப் பிடரியில் கடித்தது, மூக்கு எவ்வளவு நீளம் பாருங்கள், ஃபிலோலிக்கேதானே" என்று எழுதியிருக்கிறார்.

முதல் படத்தில் இருப்பது பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிற, உடம்பெல்லாம் பஞ்சு மயிர் போர்த்திய ஒன்று. மூக்கு நீளம்தான். ஆனால் கால்கள் மெல்லிசு, கொம்பு கூர்ந்து சிறுத்தது. அது பொம்பிலியிடே குடும்பம், தேன் மட்டும் குடிக்கிற அப்பாவி. அதன் மேல் பழி போடாதீர்கள். இரண்டாவது படம் கலங்கல், ஆனால் உங்கள் சால்வையில் இருப்பதன் சிறகுப் பட்டி தெரிகிறது, சிறகு விரிந்தும் இருக்கிறது. கிரைசாப்ஸ். பிடரியைக் கடித்தது அதுதான்.

இந்த வருடம் நடக்கிறவர்கள் படம் மட்டும் எடுங்கள். அது தேசிய பூங்கா, அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியையும் போத்தலில் போடக் கூடாது. தலையில் வெளிர்நிறத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.

ஜூலை 9

வாகரையான் மறுபடியும் தீப்பெட்டி அனுப்பியிருக்கிறார், இம்முறை வலையில் பிடித்து, குளிரவைத்து, ஊசி குத்தி. கண் படமும் கூடவே: பச்சை, பட்டி இல்லை. நெற்றி முழுசாக இருக்கிறது. மேடு நீண்டு கீழே அகன்று, மேலே மெல்லிய கோடாகப் போகிறது. ரிக்கார்டோவின் விவரணத்தையும் பின்னால் வந்தவர்களின் திறவுகோலையும் வைத்துக்கொண்டு இரண்டு இரவு இருந்தேன். ஸ்ட்ரியேட்டஸ் பக்கம் சாய்கிறது, ஆனால் ஒரு பெண்ணை வைத்து முடிவு எழுத மனம் வரவில்லை. அதே கிடங்கில் அதிகாலையில் மரத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கிற ஆண் ஒன்று அகப்பட்டால் அனுப்புங்கள், தம்பி. வலைப்பிடி நீளமாக இருக்கட்டும், கமுகஞ்சிலாகை நல்லது.